உனக்குச் சொல்லாத மணங்கள்

மச்சான்,

நேற்றுப் போட்ட சட்டையின் கைப்பகுதியில் இன்னும் புகை மணக்கிறது. நேற்று உன் எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்கிற நாள். "அவருக்கு விருப்பமான பியரை நீங்களே வாங்கிக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று உன் மனைவி கேட்டிருந்தாள். நான் ஜேர்மன்காரரின் புகைப் பியர் வாங்கி வந்தேன். ஒஸ்லோவின் குரோருட்டில் உள்ள உன் வீட்டு விறாந்தையில், ஆட்டிறைச்சிக் கறிக்கும் கணவாய்ப் பொரியலுக்கும் பக்கத்தில் வைத்து, உன்னுடைய கிளாஸிலேயே வார்த்தேன். நுரை பொங்கி என் கையில் வழிந்தது. வீடு முழுக்கக் கருவாடு சுட்டது போல ஒரு வாசம். "மணக்குதோ மச்சான்?" என்று உன் படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

பின்னால் நின்ற உன் மனைவி சொன்னாள்: "அவருக்கு மூண்டு வருசமா ஒரு மணமும் தெரியாது அண்ணை. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

போத்தலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த நீ அப்படியே விழுந்து போய்விட்டாய் என்று தொலைபேசி வந்தபோதுகூட நான் இப்படி விறைத்துப்போகவில்லை. சாவு ஆருக்கும் வரும். ஆனால் மணம் தெரியாத ஒருவன் மூன்று வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் முன்னால் இருந்து பியரை மோந்து மோந்து குடித்தானே, அது எப்படி?

எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதை நினைப்பூட்டியவனே நீதான். ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் குடித்த விதம் உனக்கும் தெரியும். கலியாண வீட்டுக்கு வெளியே, கார் டிக்கியைத் திறந்து வைத்து, பெண்சாதிமார் காண முன்னம் மளமளவென்று இறக்குவது. ருசியாவது மணமாவது! அந்தக் கூட்டத்தில் நின்று நீ மட்டும் கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடுவாய். "உவன் பியரையெல்லோ கொஞ்சுறான்!" என்று எல்லாரும் சிரிப்பார்கள். அதிகம் சிரித்தவன் நான்தான்.

பிறகு என்னையும் கெடுத்தாய். ஜேர்மனியின் கீல் நகரத்துக்குப் போகும் கப்பலில் எல்லாரும் மலிவாகச் சாமான் வாங்கிக்கொண்டு அதே கப்பலில் திரும்புவார்கள். நீ என்னை இறக்கி ரயிலேற்றினாய். கொலோன் நகரத்தில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒல்லிச் சின்னக் கிளாஸில் பொன்னிறப் பியர். முடிய முடிய அந்தப் பரிசாரகர் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிக்கு வைத்ததை மிச்சம் விடுவது மரியாதையில்லை என்று நாங்கள் இருவரும் முக்கி முக்கிக் குடித்தோம். அவரோ எங்களுக்கு இன்னும் தாகம் தீரவில்லை என்று நினைத்து ஓடி ஓடி வந்தார். கடைசியில் பக்கத்து மேசைக் கிழவர் கிளாஸுக்கு அடியில் வைக்கிற மட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் வைத்து மூடுவதை நீதான் கவனித்தாய். "அட, இது இலையை மடிக்கிற மாதிரியடா!" என்று நீ கத்தியதும் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

புகைப் பியரைப் பாம்பேர்க் நகரத்தில் முதல்முதல் குடித்தபோது நான் முகத்தைச் சுளித்தேன். "அவசரப்படாதை. அது உன்னோடை பழகட்டும்" என்றாய். அதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் நீ அதைத்தான் சொன்னாய்.

ஊர்விட்டு ஊர் போகாத நாட்களில் உன் பல்கனிதான் எங்கள் ஜேர்மனி. சனிக்கிழமை அரசாங்க மதுக்கடை நேரத்தோடு பூட்டிவிடும் என்பதால் பத்து மணிக்கே போய் வாங்கி வந்துவிடுவாய். கோதுமைப் பியர் போத்தலின் அடியில் படிந்ததைச் சுழற்றிக் கலக்கி நீ மேலே வார்க்கும் விதத்தை என்னால் இன்றுவரை செய்ய முடியவில்லை. "முதல் கப்பல் வாழைப்பழ மணம். பின்னாலை ஒரு கராம்பு. பிடிச்சியோ?" என்பாய். நீ சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபடும்.

கொரோனாவில் நீ இரண்டு கிழமை படுத்து எழும்பிய பிறகு அது மாறியது. "நீ முதல் சொல்லு" என்று தொடங்கினாய். நான் சொன்னதும் நீ மோந்து, குடித்து, "சரியாப் பிடிச்சாய்" என்பாய். எனக்கு எவ்வளவு தலைக்கனம் ஏறியது தெரியுமா? நானும் பெரிய ஆளாகிவிட்டேன் என்று உனக்கு முன்னாலேயே மீசை முறுக்கினேன். மடையன்!

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். போன கோடையில் நாலைந்து நண்பர்களைக் கூப்பிட்டுக் கோதுமைப் பியர் வார்த்தாய். வெய்யிலில் கிடந்து அது நாறிப் போயிருந்தது. கிளாஸ் கிட்ட வரும்போதே தெரிந்தது. நீயோ பாதியைக் குடித்துவிட்டு, "வாழைப்பழம் நல்லாத் தூக்குது" என்றாய். நான் எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்: "இவருக்கு வயசு போட்டுது! இனி இவரின்ரை வீட்டிலை பியர் குடிக்கிறதெண்டால் காப்புறுதி எடுத்துப்போட்டுத்தான் வரவேணும்!" எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு கிளாஸ் கழுவவென்று குசினிக்குள் போனவன் நெடுநேரம் வெளியே வரவில்லை. அது ஏன் என்று நேற்றுவரை நான் யோசிக்கவேயில்லை.

படையல் முடிந்து ஆட்கள் போன பிறகு உன் மனைவியிடம் கேட்டேன். "எனக்கு ஏன் ஒளிச்சவன்?"

"'அவனுக்குச் சொல்லிப்போடாதை, தெரிஞ்சால் வரமாட்டான். வந்தாலும் வருத்தக்காரனைப் பாக்க வாற மாதிரித்தான் வருவான்' எண்டவர்."

"ஒரு மணமும் இல்லாமல் பிறகென்னத்துக்குக் குடிச்சவன்?"

"நீங்கள் சொல்லச் சொல்லக் குடிச்சால் கொஞ்சம் பிடிபடுதாம் அண்ணை. சனிக்கிழமை வந்தால் காலமையே குளிச்சு வெளிக்கிட்டு இருந்திடுவார்."

நான் சொல்லாத சனிக்கிழமைகள் எத்தனை! தொலைபேசியை நோண்டிக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்த நாட்கள். அந்த நாட்களில் நீ குளிர்ந்த கைப்புத் தண்ணியைத்தானே குடித்திருப்பாய்? உன் மேல் கோபமும் வருகிறது. இவ்வளவு காலம் பழகி, என்னை இவ்வளவு மட்டமாகவா கணித்தாய்? ஆனால் நீ கணித்தது பிழையென்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து குடித்தது பவேரியாவின் கறுத்த டொப்பல்பொக் பியர். நீ கிளாஸைப் பிடித்தபடி, "எப்பிடியிருக்கு?" என்று கேட்டாய். நான் நிமிராமலே, "வழமை மாதிரித்தான்" என்றேன். நீ தலையாட்டிவிட்டுக் குடித்தாய். அந்தத் தலையாட்டல் எனக்குள் அப்படியே இருக்கிறது. இனி அது போகாது.

இன்று சனிக்கிழமை. கடை திறந்தவுடனேயே போய் அதே பியரை வாங்கி வந்தேன். மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் தனியே இருந்து, வாய்விட்டே சொன்னேன்.

"முதல் வாறது பாணின்ரை கருகின கரை, மச்சான். கொஞ்சம் பொறு, அதுக்குக் கீழை பனங்கட்டி கிடக்குது. உடைக்கேக்கை வாற மணமில்லை, காய்ச்சேக்கை வாற மணம். விழுங்கினாப் பிறகு முந்திரிகை வத்தல்."

என் மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆரோடை கதைக்கிறியள்?"

"கொஞ்சம் பொறு," என்றேன். "இன்னும் சொல்லி முடியேல்லை."