இரண்டாவது அடுப்பு

ஆவணி 3, செவ்வாய்.
சோளகக் காற்று. கொக்குவில் வீட்டுக்கு வந்து ஆறாம் நாள். செய்ய வேண்டியவை: (1) கிணற்றுக் கயிறு (2) வாசல் படலைக் கொளுக்கி (3) குசினி அடுப்பு.

முன்பு இருந்தவர்கள் அண்ணன், தம்பி குடும்பங்கள். தனித்தனிச் சமையல். ஆகவே கிழக்கில் ஒரு மண் அடுப்பு, மேற்கில் ஒன்று. மேற்கை இடித்து அங்கே விறகு அடுக்க வேண்டுமாம் மனைவிக்கு.
"இரண்டு பேருக்கு என்னத்துக்கு இரண்டு அடுப்பு?"

மனதில் அக்கா. அத்தான் போன பின் மீசாலையில் தனியே. சைவம்; மீன் சட்டி ஏறிய அடுப்பில் சமைக்கமாட்டார். மேற்கு அடுப்பு இருந்தால் கூப்பிடலாம். மனைவியிடம் கேட்கத்தான் பயம். ஒருமுறை மாட்டேன் என்றுவிட்டால் பிறகு கேட்கவே முடியாது.

மேசன் அலவாங்குடன் வந்தான். செவ்வாயில் அடுப்பு இடிக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டேன்.

ஆவணி 5, வியாழன்.
மேசன் மறுபடி.
"இண்டைக்கு என்ன, வாத்தியார்?"
"அட்டமி."
அவன் போன பின் பஞ்சாங்கம் பார்த்தேன். அட்டமி நேற்றே முடிந்தது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசப் படிப்பித்தவன்!
மனைவி கோயிலுக்குப் போன நேரம் மேற்கு அடுப்பைச் சாணியால் மெழுகினேன். ஏன் என்று தெரியவில்லை. சரியாக வரவில்லை.

ஆவணி 7, சனி.
கிணற்றடியில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். குசினியில் மேசனும் மனைவியும் பேச்சு.
"எதை அம்மா இடிக்கிறது?"
"ஒண்டையும் இடியாதை. மேற்கு அடுப்பின்ரை வெடிப்பைப் பூசிவிடு. மச்சாள் வந்து இருக்கப்போறா."
கயிறு கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள்.
வெளியே வந்தாள். "அடுப்பு மெழுகினது ஆரெண்டு எனக்குத் தெரியாதே? ஆம்பிளை விரல் அப்படியே கிடக்கு. வாயைத் திறந்து கேட்டால் கடிச்சுப்போடுவனே?"
"ஓம்" என்றேன். பிறகு "இல்லை" என்றேன்.
மத்தியானம் இரண்டு தரம் சோறு. அக்காவுக்குக் கடிதம். (1) இன்னும் மீதி, புதுக் கயிறு.

ஆவணி 10, செவ்வாய்.
காற்று இல்லை. காலை ரயிலில் அக்கா. சாமான்: பெட்டி 1, பாய் 1, சாக்கில் சுற்றிய மண் அடுப்பு 1.
"இஞ்சை தனி அடுப்புக் கேக்க வெக்கமாய் இருந்தது, தம்பி. அதுதான் என்ரையைத் தூக்கிக்கொண்டு வந்தன்."
மனைவி சிரித்த சிரிப்பு படலை வரை கேட்டது. "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு!"
இப்போது மூன்று அடுப்பு. மூன்றாவதை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.