கண் மூடின லேயர்

பெப்ரவரி 3, திங்கள்

மீராசா ஹாஜியார் தன் அரிசி ஆலையின் லோகோவை அனுப்பிவிட்டார். அரிசிப் பையை நிலத்தில் போட்டு, மேலே நின்று எடுத்த வட்ஸ்அப் படம். மூலையில் அவருடைய கால் பெருவிரல். "இதான் ஒரிஜினல் மகள், இதப் பெரிசாக்குங்க" என்று குரல் பதிவு வேறு. பெருவிரலையும் சேர்த்துப் பெரிசாக்கவா?

படத்தை இழுத்தால் உடையும், கோடு கோடாக வரைந்தால்தான் பைக்கும் பலகைக்கும் உடையாமல் வரும் என்று இந்தக் கல்முனைக்கு ஐந்து வருசமாகச் சொல்கிறேன். செவிடன் காதில் ஊதின சங்கு.

ஆனாலும் ஸலாம் சொல்லி, சிரித்துக் கதைத்தேன். கதைக்காமல் என்ன செய்ய? கடைத்தெருவில் அவருடைய கட்டடத்தின் மேல்மாடி அறை எனக்கு வேணும். நோன்பு முடிந்ததும், நான் வேலை செய்கிற வீட்டு முன்னறையைத் தரச்சொல்லிக் கூடப்பிறந்த காக்கா சொல்லிவிட்டார், அவருடைய மூத்தவளுக்குப் படிக்க இடமில்லை. கேட்ட நாலு இடத்திலும் பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குக் கடை அறை என்றார்கள். ஹாஜியார் மட்டும்தான் "வேலைய முடிச்சுத் தாங்க, சாவியப் பத்திக் கதைப்பம்" என்றவர்.

பெப்ரவரி 5, புதன்

கிசோக்கோடு மல்லுக்கட்டியே பகல் போனது. நான் வரைவது ஒரு மென்பொருளில், கொழும்பு அச்சகக்காரர் கேட்பது இன்னொன்றில். இடையில் பாண்டிருப்பில் ஸ்டிக்கர் வெட்டுகிற இந்த மனிசன். என் பைலைத் தன் கோரல் மென்பொருளில் திறந்து, கோரல் பைலாகச் சேமித்து, கொழும்புக்கு அனுப்புவார். அதற்கு ஒரு நாள் எடுப்பார். அவருடைய கோரல் என் தம்பி பள்ளிக்கூடம் போக முன்னம் வந்த வெர்ஷன். அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலே ஒரு பெருமூச்சுக் கேட்கும்.

முந்தி ஒருநாள், "மிஸ், உங்கட பைல்ல மேலதிகமா ஏதோ கிடக்கு, தேவையா?" என்று கேட்டார். பழைய வெர்ஷனில் கண்டகண்டதும் வரும், தெரியாவிட்டால் அழித்துப்போடுங்க என்று சொன்னேன். அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஒரு பாடம் படித்தாரே, அல்ஹம்துலில்லாஹ்.

பெப்ரவரி 8, சனி

ஹாஜியாரின் லோகோவுக்கு நெற்கதிர் வரைந்து முடிந்தது. இவ்வளவு அழகு என் கைக்கே அதிகம், இந்த ஊருக்கும் அதிகம்.

பெப்ரவரி 10, திங்கள்

ஹாஜியாருக்குக் கதிர் பிடிக்கவில்லையாம். "நிமிர்ந்து நிக்கிதே மகள். நிமிர்ந்து நிக்கிறது சப்பி, உள்ள மணி இல்லாதது. முத்தின கதிர் குனியும். இந்தப் பையத் தூக்கினா வெள்ளாமக்காரன் சிரிப்பான்."

வடிவமைப்பு எனக்குப் படிப்பிக்கிறார். பெருவிரல் ஹாஜியார்!

குனிய வைத்தேன். வேறு வழி? பிறகு வழமைபோல என் மருந்தைக் குடித்தேன். பைலில் தனியாக ஒரு லேயர் போட்டு, பேனாவால் கையெழுத்தில் மனசில் உள்ளதை எழுதி, அந்த லேயரின் கண்ணை மூடிவிடுவது. கண் அடையாளத்தை அமத்தினால் லேயர் திரையில் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். இன்று எழுதினது: "கதிர் முத்தினாக் குனியுமாம். ஹாஜியார்ட வயிறு முத்தி எவ்வளவு காலம், ஒருநாளாவது குனிஞ்சாரா?" பக்கத்தில் ஒரு வயிறும் வரைந்தேன். நாலே வளைவு. உண்மையைச் சொன்னால், கதிரைவிட வயிறுதான் நல்லா வந்தது.

பெப்ரவரி 13, வியாழன்

கிசோக் பைலை நாளைப் பின்னேரம்தான் அனுப்புவாராம். மகளுக்குக் காய்ச்சல். அதோடு, "சுத்தம் பண்ணவும் நேரம் வேணும் மிஸ்" என்கிறார். என்ட பைலை இவர் சுத்தம் பண்ணுவாராம்! ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

கொழும்புக்கு நானே போன் எடுத்துக் கேட்டேன். அவர்களிடம் புது வெர்ஷன் இருக்கிறது, என் பைலை அப்படியே திறப்பார்களாம். நேரே அனுப்பிவிட்டேன். வெள்ளாமை வெட்டுத் தொடங்கிவிட்டது, ஹாஜியாருக்குப் பை அவசரம், எனக்குச் சாவி அவசரம். கிசோக்குக்காக யார் காத்திருப்பது?

பெப்ரவரி 15, சனி

கொழும்பில் பைல் திறந்துவிட்டதாம். கிசோக் இல்லாமலும் உலகம் சுத்துது.

பெப்ரவரி 17, திங்கள்

யா அல்லாஹ்.

மாதிரிப் படத்தை அச்சகக்காரன் எனக்கு அனுப்பாமல் நேரே ஹாஜியாருக்கு அனுப்பியிருக்கிறான். சிங்களப் பொடியன், தமிழ் வாசிக்கத் தெரியாது, எழுத்தும் படமும் லோகோவோடு சேர்ந்தது எண்டு நினைச்சிட்டான். பையில கதிர், கதிருக்குப் பக்கத்தில என்ட கையெழுத்து, அதுக்குக் கீழ வயிறு. எல்லாம் பச்சை நிறத்தில. நான் மூடின கண் அங்க போய்த் திறந்திட்டு. லேயரை மூடினா அழியாதெண்டு எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற எனக்கு?

ஹாஜியார் போன் எடுத்தார். ஏசுவார் எண்டு பார்த்தன். ஏசேல்ல. "கதிர் நல்லாக் குனிஞ்சிருக்கு மகள். மத்ததை எடுத்துப்போட்டு அனுப்பச் சொல்லுங்க" எண்டார். அவ்வளவுதான். மன்னிப்பும் கேக்காம போனை வச்சிட்டன். சாவியப் பத்தி அவரும் கதைக்கேல்ல, நான் எந்த மூஞ்சியோட கேக்க?

நுணலும் தன் வாயால் கெடும் எண்டு உம்மா சொல்லுவா. தவளையே பரவாயில்ல.

பெப்ரவரி 18, செவ்வாய்

கிசோக்கின் கடைக்குச் சண்டைக்குத்தான் போனேன். அவர் ஒரு நாள் பிந்தாவிட்டால் இது நடந்திருக்குமா? அப்படித்தான் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

மகளுக்குச் சுகம் என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். நடந்ததைக் கேட்டுவிட்டு, என் பழைய பைல் ஒன்றைத் திறந்தார். நான் அனுப்பின ஒரு கல்யாண மண்டபத்தின் பலகை. பக்கத்தில் என் கையெழுத்து, மண்டபக்காரரின் பல்லைப் பற்றி. இன்னொன்று திறந்தார், பேக்கரி. இன்னொன்று. ஒவ்வொன்றிலும் என் வாய்.

"எல்லாம் இப்பிடித்தான் வாறது மிஸ். நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க."

இரண்டு வருசமாக ஒவ்வொரு பைலிலும் உட்கார்ந்து அழித்திருக்கிறார். அதற்குத்தான் அந்த ஒரு நாள். பிறகு அவருடைய கடைப் பலகைக்கே நான் போட்டுக்கொடுத்த பைல் திரையில் வந்தது. அதில் நான் எழுதியிருந்தேன்: "கிசோக்கும் கோரலும், எது முதல் சாகும்?" அவர் அதைக் கடந்து அடுத்ததைத் திறந்தார்.

"நீங்க இதெல்லாம் வாசிச்சீங்களா?" என்று கேட்டேன். என்ன கேள்வி இது.

"தமிழ்தானே மிஸ்" என்றார்.

பெப்ரவரி 22, சனி

மேல்மாடி அறை போய்விட்டது. காக்கா சொன்னார். தையல் படிப்பிக்கிற றிஸ்னா என்ற ஒரு புள்ளைக்கு ஹாஜியார் கொடுத்தாராம். பொம்புளப் புள்ளைக்கு. பொம்புள என்றுதான் தரவில்லை என்கிற சாட்டும் எனக்கு இல்லை.

பெப்ரவரி 24, திங்கள்

ஹாஜியாரின் ஆலைக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். அறையைப் பற்றிக் கதைக்கவில்லை. எழும்பும்போது, சின்ன அரிசிப் பைக்கு ஸ்டிக்கர் வேணும் என்றார். குனிந்து கீழே கிடந்த பையை எடுத்து அளவு காட்டினார். மனிசன் நல்லாவே குனிகிறார்.

பெப்ரவரி 27, வியாழன்

மூன்று நாளாகப் பைல்களைத் திறந்து, கண் மூடின லேயர்களை அழிக்கிறேன். சிலதை வாசித்துச் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. அதிகமானது சிரிப்பே வராத வெறும் வக்கிரம். முன்னறையில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. எங்கே கொண்டுபோவது என்று இன்னும் தெரியாது.

காலையில் ஹாஜியாரின் ஸ்டிக்கர் பைலைக் கிசோக்குக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் எடுத்தார். குரலில் உண்மையான யோசனை.

"மிஸ், இதுல ஸ்டிக்கர் மட்டும்தான் கிடக்கு. வேற ஒண்டும் இல்ல. சரியான பைல்தானா?"

ஓம், அதுதான் என்றேன்.