படுக்கையறைக்கு அடுத்த வண்டி

ஓரெஸ்தே,

உன் ரயில் பயண ஒத்திகைக்கு இனி நான் வரமாட்டேன். விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே சமையலறைக் கதவில் பொலோன்யா, குளியலறையில் ஃப்ளோரன்ஸ், படுக்கையறையில் நேப்பிள்ஸ் என்று ஸ்டேஷன் பெயர்களைச் சாக்பீஸால் எழுதி, என்னைப் பெட்டியோடு நடக்கவிட்டாய். பொறுத்துக்கொண்டேன். நேற்று பொலோன்யாவில் நின்றபடியே ஒரு காபி குடித்தேன். அதற்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "வண்டி போயிடுச்சு லொரேதா. ஞாயித்துக்கிழமை, அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான்" என்றாய் பார், அதை மறக்கவே மாட்டேன். என் செருப்பு உள்ளே இருந்தது. "காபியைக்கூட விட்டுட்டு நேரம் தவறாம ரயிலேற நான் என்ன ஜெர்மன்காரியா?" என்று கேட்டேன்.

ஆகவே இன்று சமையலறையில் வேலைநிறுத்தம். வேலைநிறுத்த நாளில் ரயில்காரர்கள் செய்கிற மாதிரியே காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் ஒன்பது மட்டும் சேவை உண்டு. பட்டினி போட மனம் வராமல் லசான்யா செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். சூடாக்கித் தின்னு.

பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நேராக ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பு. போன தடவை மாதிரி டிக்கெட் கேட்காதே.

நான் அக்கா நீவெஸ் வீட்டுக்குப் போகிறேன். கிடைத்த பஸ்ஸில்.

லொரேதா

பி.கு.: நாம் கிளம்பும் வெள்ளிக்கிழமை நாடு முழுக்க ரயில் வேலைநிறுத்தமாம். நேற்று காபி குடிக்கும்போதுதான் பேப்பரில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் ஓடிவந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை.