எனக்கென்று மூன்று நாள்

ஆவணி 20

காலையிலிருந்து தூறல். பாவு நூலை வெளியே விரித்துக் கஞ்சி போட முடியவில்லை என்று மாமனார் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு விடியும்போதே தெரிந்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள். அடுப்பு இல்லை, குடம் இல்லை, ராட்டை இல்லை. தறிப் பக்கம் என் நிழல்கூட விழக் கூடாது. தீட்டு. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் எதிரே வந்தால் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் மாதத்தின் மற்ற நாட்களில் ஒரு கோடு இழுக்க நேரம் கிடையாது. அசிங்கம் என்று தள்ளிவைக்கிற இடத்தில்தான் நான் ஒரு ஆளாக உட்காருகிறேன். வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

கையிருப்பு: நீலம் அரைச் சிரட்டை (சாயப் பட்டறையில் மிஞ்சியது). அரக்கு கொஞ்சம். மஞ்சள், நாறுகிறது. காவிக்கல், சுண்ணாம்பு. ஆட்டுமயிர் தூரிகை இரண்டு, ஒன்று மயிர் உதிர்க்கிறது. காகிதம் நிறைய.

காகிதம் வீட்டுக்காரர் புண்ணியம். புருஷன் பேரை எழுதக் கூடாதாம். முனுசாமி. எழுதிவிட்டேன், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எல்லைக் கூட்டத்து நோட்டீஸ் கட்டுக் கட்டாக வீட்டில் கிடக்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு எல்லாம் தமிழ் மண் என்று ஒரு கட்டு. இல்லை, ஆந்திராவுக்கே என்று தெலுங்கில் ஒரு கட்டு, அது எதிராளிகள் சுவரில் ஒட்டியதை இவர் கிழித்து வந்தது. தெலுங்கு நோட்டீஸ் கெட்டிக் காகிதம். சாயம் ஊறாது. தமிழ் நோட்டீஸில் நீலம் பட்டால் மறுபக்கத்து மைகூடக் கரைகிறது. இதை இவரிடம் சொல்ல முடியுமா.

இந்த நாட்களில் எழுத்தைத் தொடக் கூடாது என்று அத்தை மாமியார் தோரணையில் சொன்னாள். அப்புறம் அவளே, எழுத்தைக் கீழே கவிழ்த்து வைத்தால் பாவமில்லை என்று தீர்ப்பு சொன்னாள்.

ஆவணி 21

நாலு நோட்டீஸைக் கஞ்சி வைத்து ஒட்டிப் பெரிய தாளாக்கினேன். காய நேரமாகிறது, ஈரக் காற்று.

என்ன போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் அத்தை கூழ் கொண்டுவந்தாள். என் ஏனம் தரையில். அவள் நின்றபடி, இடுப்புக்கு மேலிருந்து ஊற்றுகிறாள். பாதி ஏனத்தில், பாதி என் முழங்காலில். முந்தானையை மற்றக் கையால் இழுத்துப் பிடித்திருக்கிறாள், என்மேல் பட்டுவிடுமாம். ஊற்றுகிற அந்தக் கை. நூல் அறுத்த தழும்புகள், பெருத்த மூட்டுகள், பித்தளை வளையல் ஒன்று. அதைத்தான் போடப் போகிறேன். முகம் வேண்டாம். கையும், இறங்கும் கூழும், கீழே ஏனமும்.

சாமி படம் போடேன், மாட்டி வைக்கலாம் என்கிறாள். சாமிக்கு இந்த வீட்டில் ஏற்கெனவே நாலு படம் இருக்கிறது.

ஆவணி 22

கை வரவில்லை. கரண்டி மாதிரி இருக்கிறது. தோல் நிறமும் வரவில்லை, காவியும் சுண்ணாம்பும் சேர்த்தால் செங்கல். கிழித்தேன். திரும்ப ஒட்டினேன். பிடி கிடைத்த மாதிரி இருந்தபோது வெளிச்சம் போய்விட்டது.

நாளைக் காலை தலைக்குக் குளியல். அத்தோடு முடிந்தது.

ஆவணி 29

சாணி, வாசல், தண்ணீர், அடுப்பு. தார் சுற்றல். சமையல். தார் சுற்றல். மாமனாருக்கு வெந்நீர். துணி. தார். மறுபடி அடுப்பு. மாமனார் தறியில் உட்கார்ந்தால் குறுக்கே ஓடும் ஊடைக்கு, நான் ராட்டையில் நூல் சுற்றிய தார்க்குச்சி போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினால் கத்துவார். நாள் முழுக்க ராட்டை சுற்றிய விரல் மாலையில் பென்சிலைப் பிடித்தால் ஆடுகிறது.

கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் படம் சுருட்டிச் செருகியபடி இருக்கிறது. எடுத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

புரட்டாசி 3

வெயில். தீபாவளிச் சரக்கு கேட்டு சித்தூர் வியாபாரி ஆள் அனுப்பியிருக்கிறான். இனி இன்னும் மோசம்.

முனுசாமியிடம் கேட்டேவிட்டேன். கூட்டத்துக்குப் போக முகம் கழுவிக்கொண்டிருந்தார். மத்தியானம் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன்.

“சும்மா ஒக்கார்றதுக்கா?”

“படம் போட.”

“அதான் மாசாமாசம் போட்டுக்கினுதான கீற” என்றார். சிரிப்பு வேறு. துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது ஊர் அடங்கியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. ஒரு அடி மண்ணையும் விட்டுத்தரக் கூடாது என்று பேசினாராம், கைதட்டினார்களாம். நகரி யார் கையில் என்று கேட்க ஊரே திரள்கிறது. என் மத்தியானம் யார் கையில் என்று கேட்க ஒரு நாய் இல்லை. மெட்ராஸோடு சேர்த்தாலும் ஆந்திராவிலேயே விட்டாலும் தார் சுற்றப் போகிறவள் நான்தான்.

புரட்டாசி 9

ரோட்டில் மஞ்சள் துணிக்காரர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு போகிறார்கள். பார்த்த அத்தைக்கு வேகம் வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம், வயிறு திறக்கவில்லை. மூன்றாம் சனிக்கிழமை நாலு பேரும் திருப்பதி. ரயிலில் போய், அலிபிரியிலிருந்து நான் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தபடி ஏற வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தாயிற்று.

புள்ள பெத்தா உனுக்கே புத்தி வந்துடும் என்றாள். எனக்கு என்ன புத்தி குறைந்துபோயிற்று என்று கேட்டேன். 

புரட்டாசி 17

நேற்றே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கொட்டகையைப் பார்த்துப் பார்த்து வருகிறேன். வராவிட்டால் நாளை மறுநாள் படி ஏற வேண்டும். வந்தால் மூன்று நாள். கடவுளிடம் தீட்டு கேட்டு வேண்டுகிறவள் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புரட்டாசி 18

வரவில்லை. வந்துவிட்டது என்று சொன்னேன்.

பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். அத்தை அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று ஒரு கணம் பயம். மாமனார்தான் முடிவு சொன்னார்: காசு முடிந்தாயிற்று, அவள் கொட்டகையில் கிடக்கட்டும், நாம் போய் வரலாம்.

அத்தை கொட்டகைக்கு வெளியே நின்று, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“உன் பேர்ல நான் ஏறிட்டு வர்றேன். நீ அழுவாத.”

நான் அழவில்லை. அவள் குரல்தான் சரியில்லை.

புரட்டாசி 19, சனி

விடிவதற்கு முன்பே போய்விட்டார்கள். வீடு முழுக்கச் சத்தமில்லை. தறி நின்ற வீடு இப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒரு பானைக் கூழ் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், மேலே வெங்காயம், மிளகாய். கதவருகே பாயைப் போட்டேன். நல்ல வெளிச்சம். சாயம் கரைத்தேன். ஏனம் போட்டேன், சரியாக வந்தது. கூழ் இறங்குகிற கோடு வந்தது. கை?

கை மலைக்குப் போய்விட்டது.

இவ்வளவு திட்டம் போட்டவளுக்கு இது தோன்றவில்லை. என் இடது கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் போட்டேன். இருபது வயசுக் கை. அதில் தழும்பு வரைந்தால் அழுக்கு மாதிரி இருக்கிறது. நினைவிலிருந்து போட்டேன். மூட்டு தெரியும், மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தினம் பார்க்கிற கை, தெரியவில்லை. ஆத்திரத்தில் தூரிகையை எறிந்தேன். திரும்ப எடுத்தேன்.

மத்தியானம் குமட்டியது. கூழ் ஆகாமல் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியும், கூழ் இல்லை.

சாயந்திரம் வரை போட்டேன். கை பாதி அவளுடையது, பாதி என்னுடையது. கிழிக்கவில்லை.

புரட்டாசி 21

வந்துவிட்டார்கள். அத்தைக்கு மொட்டை.

சுமங்கலி முழு முடி கொடுக்கலாமா, பூமுடி போதாதா என்று மாமனார் தடுத்தாராம். கேட்கவில்லையாம். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. எனக்குப் பதிலாக அத்தனை படிக்கும் குனிந்து பொட்டு வைத்திருக்கிறாள். அந்த முடியை அவள் எப்படி எண்ணெய் வைத்து வளர்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

யார் கேட்டார்கள்? இப்படி ஒருத்தரைக் கேட்காமல் அவருக்காகக் கஷ்டப்பட்டு வைப்பது இந்த வீட்டு வழக்கம். அதையும் எழுதிவைக்கிறேன். எழுதியும் ஆறவில்லை.

ஐப்பசி 8

மழை. தீபாவளி வேலை உச்சம். காலையில் வாசல் தெளிக்கும்போதே வாந்தி. மறைக்க முடியவில்லை. அத்தை ஓடி வந்து முதுகைத் தடவினாள், என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், உள்ளே போய் சாமி மாடத்தின் முன் விழுந்தாள்.

அதற்குள் எதிர்வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. அத்தை தன் மொட்டைத் தலைமேல் கையை வைத்து, குடுத்தது வீண்போகல பாரு என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. முனுசாமி கூட்டத்துக்குப் போகவில்லை, அரைக்கிலோ ஜாங்கிரியோடு வந்தார். பையன் பிறக்கும்போது நகரி மெட்ராஸில் இருக்குமாம்.

எனக்குக் கணக்கு ஓடியது. பிறகுதான் உறைத்தது: பத்து மாதம் தீட்டில்லை. தீட்டில்லை என்றால் கொட்டகை இல்லை. அப்புறம் பால் கொடுக்கிற வருஷம். அப்புறம் ஓடிப் பிடிக்கிற வருஷம்.

ஐப்பசி 10

கொட்டகையில் விறகு அடுக்க அத்தை போனாள். இனிமே உனுக்கு அது எதுக்கு என்று சொல்லிக்கொண்டேதான் போனாள். நான் எழுந்து ஓடுவதற்குள் இறவாணத்திலிருந்து எடுத்து விரித்துவிட்டாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். வளையலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

“இத்த எப்ப போட்ட?”

“நீங்க மலைக்குப் போன அன்னிக்கி.”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. விறகின் மேல் உட்கார்ந்தாள். விரல் மடக்கி மனசுக்குள் எண்ணினாள்.

“இருவது நாள்ல மசக்க எப்டி வரும்னு அன்னிக்கே நெனச்சேன். அப்ப நீ தூரமில்ல.”

“இல்ல.”

“இத்துக்காவ.”

“இத்துக்காவத்தான் அத்தே.”

அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. முள் முள்ளாக முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டாள். அப்புறம் மெதுவான குரலில், முனுசாமிக்குத் தெரிய வேண்டாம், மருத்துவச்சியிடம் நாள் கணக்கை நான் பேசிக்கொள்கிறேன், மலை கொடுத்தது என்றே இருக்கட்டும், ஊரில் என் தலையைப் பார்த்து ஒருத்தி சிரித்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றாள். படத்தை அடுப்பில் போடச் சொன்னாள்.

நான் சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

“மல குடுத்துச்சின்னே சொல்றேன். சாவற வரைக்கும் சொல்றேன். எனுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் வுட்டுடுங்க.”

சந்தையில் அடிமாட்டு விலை கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.  படத்தை விறகின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி 11

மழை விட்டிருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்கு வந்தேன். விறகுக்கு நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு அடுக்கியிருக்கிறாள். அல்லது விறகு அவ்வளவுதான் இருந்ததோ.

நீலம் காய்ந்துவிட்டது. தண்ணீர் விட்டுக் கரைத்தேன். உட்கார்ந்தேன்.

தார் எங்கே என்று மாமனார் தறியிலிருந்து கத்துகிறார். யாரோ வருகிறேன் என்கிறார்கள். ராட்டை சுற்ற ஆரம்பிக்கிறது. என் சுற்று இல்லை, மெதுவானது, வீங்கிய முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு சுற்றுகிறவளுடைய சுற்று. நடுநடுவே நிற்கிறது. மறுபடி மாமனார் கத்துகிறார். மறுபடி சுற்றுகிறது.

நான் எழுந்திருக்கவில்லை.