காலை நாடி

ஜனவரி 9

அக்கா,

என் இதயத்தைக் கெடுத்தது நீதான். கோபத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கோச் நீச்சல்குளத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "கடும் பயிற்சியால் எவருக்கும் பாதிப்பில்லை. ஏழாம் எண் வீராங்கனை சொந்தக் காரணங்களால் விலகினார்." அந்த ஏழு நான். காய்ச்சலோடு என்னை எட்டுத் தடவை இருநூறு மீட்டர் நீந்தவிட்டு, உடல் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்க ஒவ்வொரு தடவையும் காது மடலில் குத்தி ரத்தம் எடுத்தாயே, அதுவா சொந்தக் காரணம்? இதயத் தசை வீங்கி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது அதே குளத்தில் லாக்கர் சாவி கொடுக்கிறேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அந்த வரியைத் திருத்து.

உன் தங்கை

ஜனவரி 27

என் அன்புத் தவளைக்கு,

உன் நீச்சலைப் பார்த்து அப்பா வைத்த பெயர். இன்னும் அப்படித்தான் கூப்பிட வருகிறது. மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? போனில் அம்மாவுக்கு உன் பேச்சுதான்.

எனக்குத் துறைத் தலைவர் பதவி முடிவாகும் நேரம் இது. கட்டுரையில் கைவைத்தால் என்னோடு, அதை வைத்து ஆய்வு செய்யும் நான்கு மாணவிகளின் படிப்பும் போய்விடும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கண் விழித்ததும் நாடி பார்த்து நோட்டில் எழுதுவதுதானே நம் விதி? வழக்கத்தைவிடப் பத்து கூடினால் தண்ணீரில் இறங்கக் கூடாது. அன்றும் வழக்கம்போல 54 என்று எழுதியது நீதானே? நான் நோட்டை நம்பினேன்.

உன் அக்கா

பிப்ரவரி 6

அக்கா,

ஆமாம், பொய் எழுதினேன். எழுபத்தெட்டு இருந்தது. முந்தின நாள் நீதான் சொன்னாய்: "நாளைக்கு மட்டும் முடிச்சுக் குடுத்துருடி, அக்கா பொழச்சுக்குவேன்." அதற்காகத்தான்.

ஆனால் நீ நோட்டை நம்பவில்லை. குளத்தோரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். உன் உதடு எண்ணியது. பிறகு என் தொப்பியை இழுத்துச் சரிசெய்து, "ஒண்ணுமில்ல, எறங்கு தவளை" என்றாய்.

இன்று பதினாலு வயதுப் பெண் ஒருத்தி இருமிக்கொண்டே நோட்டை நீட்டினாள். 58 என்று எழுதியிருந்தாள். வாங்கும்போது பட்ட அவள் கை சுட்டது. "சொல்லிராதீங்கக்கா. டீம்ல இருந்து தூக்கிட்டா சாப்பாடும் ஷூவும் நின்னுரும்." அப்படியும் கோச்சிடம் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு உங்கக்காவே எழுதியிருக்காங்க. நீ சாவியப் பாரு" என்றார்.

வசதியான வீட்டுப் பிள்ளை காதில் ஒரு முறையாவது ஊசி வைத்திருக்கிறீர்களா?

கட்டுரையை விடு. பதவியும் உனக்கே இருக்கட்டும். அன்று நீ எண்ணியது எத்தனை? ஒரு தாளில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கட்டுரைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

தவளை

பிப்ரவரி 24

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 20

அக்கா,

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் லாக்கர் சாவி என் மேஜையில் இருக்கிறது.

எத்தனை?