சிலிக்குத் தைத்த போர்வைகள்

25-5-1960, திண்டிவனம்

கோடை விடுமுறை. காலையில் பேப்பர் பார்த்தேன். சிலி என்ற நாட்டில் பெரிய பூகம்பம். கடல் பொங்கி ஊர்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதே அலை ஜப்பான் வரை போய் அங்கும் ஆட்களைக் கொன்றிருக்கிறது. சோறு இறங்கவில்லை.

29-5-1960

சென்னை நிவாரணக் குழுவிலிருந்து ஒருவர் வந்து ஊர்க் கூட்டத்தில் பேசினார். பல தேசங்களிலிருந்தும் சிலிக்குச் சாமான்கள் போகின்றனவாம். அங்கே இப்போது குளிர்காலம். வீடிழந்தவர்களுக்குப் போர்வை வேண்டும். நான் தையல் டீச்சர். பஞ்சு வைத்துத் தைத்துத் தருகிறோம் என்று எழுந்து சொல்லிவிட்டேன். யாரை நம்பிச் சொன்னேன்?

31-5-1960

பள்ளியின் தையல் அறை கிடைத்தது. எண்ணெய் மில்காரர் மனைவி கிருஷ்ணவேணி அம்மாள் நாலு பெண்களோடு வந்தார். சேரியிலிருந்து அஞ்சம்மாள், அஞ்சாவதோடு நின்றுவிட்ட மகள் அம்சவள்ளியோடு வந்தாள்.

"அந்த ஊர்ல எங்கள மாதிரி கூலிக்காரங்க இருப்பாங்களா டீச்சர்?"

"இருப்பாங்க."

"அப்ப ஊசியக் குடுங்க."

1-6-1960

கிருஷ்ணவேணி அம்மாள் தனியே கூப்பிட்டார். "பஞ்சு, துணி எல்லாம் நான் தர்றேன் டீச்சர். அதுங்கள வெளிய மரத்தாண்ட உக்காந்துக்கினு தைக்கச் சொல்லுங்க."

"எல்லாரும் உள்ளதாம்மா" என்றேன். போய்விட்டார். நாலு பேரும் பின்னாலேயே. பஞ்சும் போச்சு, துணியும் போச்சு.

ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏண்டி காந்திமதி, கொஞ்சம் தணிஞ்சு பேசியிருக்கக் கூடாதா? — கூடாது. பார்க்காத ஊருக்காக அழறேன், எதிர்ல நிக்கிறவள வெளிய உக்கார வைக்கவா?

3-6-1960

துணிக்கடை சீனுவாசன் ஒரு கட்டு காடாத்துணி கொடுத்தார். "எம் பேர மட்டும் வெளிய சொல்லிடாதீங்க." ரோட்டோரத்து இலவ மரங்களில் காய் வெடித்துக் கிடக்கிறது. அஞ்சம்மாள் சேரிப் பெண்களைச் சாக்குப்பையோடு கூட்டி வந்தாள். நானும் போனேன்.

7-6-1960

மூக்கெல்லாம் பஞ்சு. தும்மல், சிரிப்பு, தையல்.

10-6-1960

பள்ளி நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். "சேரி ஆளுங்கள உள்ள விட்டீங்களாமே?"

"விட்டேன் சார்."

மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

"அப்ப வேற இஸ்கூல் பாத்துக்குங்க."

அறைச் சாவியை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நேராகத் தையல் அறைக்குத்தான் வந்தேன். போர்வை இன்னும் முடியவில்லையே.

13-6-1960

மூட்டைகளைச் சென்னைக்கு ரயிலேற்றினோம். நினைத்ததில் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் நல்ல அகலம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகள் சுருண்டு படுக்கலாம்.

25-6-1960

போர்வைகள் கப்பலேறிவிட்டனவாம். குழுவிலிருந்து தகவல். சேரிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

4-7-1960, விழுப்புரம்

இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. இன்று முதல் நாள். சம்பளம் குறைவு, ஜாகை ஒற்றை அறை.

மத்தியானம் பள்ளி வாசலில் அஞ்சம்மாள், மகளோடு. பஸ் பிடித்து வந்திருக்கிறாள். "இவளயும் சேத்துக்குவாங்களா டீச்சர்? உங்ககூட இருந்துக்கினு படிக்கட்டும்."

தலைமையாசிரியையிடம் நானே அழைத்துப் போனேன். அம்சவள்ளிக்கு ஆறாம் வகுப்பில் முன் பெஞ்சில் இடம் கிடைத்தது.

எழுந்து போய் உலை வைக்க வேண்டும். இரண்டு பேருக்கு.