வலது கை தவறவிட்ட பள்ளம்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் நலம். கணக்கில் அப்பா மாதிரி, பேச்சில் அம்மா மாதிரி என்று அவள் ஆசிரியை சொன்னார். இரண்டாவதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்று மட்டும் புரிந்தது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் சரிசெய்த குழாய்தானே, வேறெப்படி இருக்கும்?

எங்கள் தொழிற்சாலையில் கேமரா வந்துவிட்டது. அச்சில் அழுத்தி வரும் கார் கதவுத் தகடுகளைப் படம் பிடித்து, பள்ளம் மேடு சொல்லுமாம். பன்னிரண்டு வருஷமாகப் பருத்திக் கையுறை போட்டுத் தடவியே கண்டுபிடிப்பவள் நான். பெயின்ட் அடித்த பிறகு மற்றவர் கண்ணுக்குத் தெரிவது எனக்கு முன்பே துணி வழியாகத் தெரிந்துவிடும். அந்தத் திமிரில் கேமராவை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் பாஸ் செய்த ஒரு தகட்டில், கைப்பிடிக்குக் கீழே பள்ளம் என்றது கேமரா. இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். சூப்பர்வைசர் தம்பி, கத்தி தீட்டுவார்களே அந்த மாதிரி எண்ணெய்க்கல்லை எடுத்து அங்கே தேய்த்தார். சுற்றிலும் கல்லின் கீறல் விழுந்தது. நடுவில் காசளவு இடத்தில் மட்டும் கல் படவே இல்லை, அவ்வளவு பள்ளம்.

"அக்கா, இடது கையால ஒரு தடவ தொட்டுப் பாருங்க" என்றார்.

தொட்டேன். உடனே தெரிந்தது.

உங்களிடம் மறைத்துவிட்டேன். இரண்டு மாதமாக வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது. போன மாதம் டம்ளர் உடைந்தது மகளால் இல்லை, என்னால்தான். கேமரா என்னைப் பிடித்த அந்த வாரம் நான் பார்த்த தகடுகளை எல்லாம் மறுபடி பார்க்கச் சொன்னேன். இன்னும் நான்கில் பள்ளம் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். என்னை யானை என்றவர்களை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். அடுத்த மாதம் பத்தாம் தேதி சின்ன ஆபரேஷன். உணர்வு திரும்பும் என்கிறார் டாக்டர், எவ்வளவு என்று சொல்லவில்லை. வேலையை நினைத்துத்தான் பயம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் மோவாய்க்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு உண்டே, கண்ணை மூடிக்கொண்டாலும் என் விரலுக்குத் தெரியுமே, கட்டு அவிழ்க்கிற அன்று முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். எப்படியாவது லீவு கேளுங்கள். ஷேவ் செய்துகொண்டு வாருங்கள்.

குழாயைப் பற்றி இனி ஒரு வார்த்தை சொல்லாத,
உங்கள் வீட்டுக்காரி